வெளியே தெரியாத காயம்: மூளைக்காயமுற்றோர் சேவைகளும் அயர்லாந்தின் நெருக்கடி ஆண்டுகளும்

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1.4 கிலோ எடையுள்ளது. தொட்டால் கெட்டித் தயிர்போலக் குழையும். மண்டையோட்டுக்குள் அது நீரில் மிதந்தபடி இருக்கிறது. அந்த ஓட்டின் மேற்புற உட்சுவர் வழவழப்பானது. அடித்தளம் அப்படி இல்லை. கண்குழிகளுக்கு மேலேயும் பொட்டுக்கு உட்புறத்திலும் எலும்பு மேடும் விளிம்புமாகக் கரடுமுரடாக இருக்கும். வேகமாக ஓடும் வண்டி எதிலாவது மோதி நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளை நிற்பதில்லை. முன்னே பாய்ந்து, அந்த எலும்பு விளிம்புகளில் உரசிக் கன்றிப்போகிறது. மூளையின் முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுமடலின் நுனியும் தலைக்காயங்களில் திரும்பத் திரும்பச் சேதப்படுவதற்கு இந்த அமைப்பே காரணம். அடி விழுந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புறமும் காயப்படலாம். தலை சுழன்றடித்தால் மூளை முழுதும் பரவியிருக்கும் நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகும். இந்த வகைக் காயம் ஆபத்தானது; ஆனால் சாதாரண ஸ்கேன் படத்தில் பல நேரம் ஒன்றுமே தெரியாது.

முதல் அடியோடு கேடு முடிவதில்லை. அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் மூளை வீங்குகிறது, இரத்தம் கட்டுகிறது, விரிய இடமில்லாத ஓட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது, பிழைத்திருந்த திசுக்களுக்கும் பிராணவாயு குறைகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டச் சேதத்தைத் தடுப்பதே. விபத்தில் மட்டும் மூளைக்காயம் வருவதில்லை. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கட்டி, நீரில் மூழ்கியோ மாரடைப்பிலோ சில நிமிடங்கள் மூச்சு நின்றுபோதல் எல்லாமே அதற்கு வழி. பிறந்த பின் வந்த இவை அனைத்தையும் சேர்த்து, ‘பிற்காலத்தில் நேர்ந்த மூளைக்காயம்’ என்று மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. நேற்றுவரை ஒருவராக வாழ்ந்தவர் இன்று வேறொருவராக எழுந்திருக்கிறார் என்பதுதான் இந்த வகையின் தனித்தன்மை.

காயத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படுவது 1974இல் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற கிளாஸ்கோ மருத்துவர்கள் இருவர் வெளியிட்ட அளவுகோல். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது என்ற மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 8க்குக் கீழே இருந்தாலும் 8ஆக இருந்தாலும் கடுமையான காயம். 13உம் அதற்கு மேலும் இலேசானது. முதல் நாள் உயிர் காப்பதற்கு இந்த எண் அருமையாக உதவுகிறது. இரண்டு ஆண்டு கழித்து அந்த மனிதர் வேலைக்குப் போவாரா, மகளின் பள்ளிக்கூட நேரம் அவருக்கு நினைவிருக்குமா என்று அது சொல்லாது. 13 வாங்கியவர்களிலும் வாழ்க்கை தடம் புரண்டவர்கள் உண்டு.

முன்மடல் செய்யும் வேலையைச் சொல்லும்போது 1848இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் நடந்த விபத்தை மருத்துவ நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. ரயில்பாதை போடும் கூலியாட்களுக்குத் தலைவராக இருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கடப்பாரை உச்சந்தலை வழியே வெளியே பாய்ந்தது. அவர் பிழைத்தார்; நடந்தார்; பேசினார். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ள பழைய மனிதர் திரும்பி வரவில்லை என்று சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ 1868இல் பதிவு செய்தார். குணம் என்பதும் உடம்பின் ஒரு பாகத்தில் தங்கியிருக்கிறது என்பதை உலகுக்கு உணர்த்திய பதிவு அது.

பெரிய விபத்துகளைவிட ஒரு சிறிய காட்சி இதைத் தெளிவாகக் காட்டும். மறுவாழ்வு மையங்களில் நோயாளியைத் தேநீர் போடச் சொல்வது வழக்கமான பயிற்சி. கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார். சுவிட்சைப் போடுகிறார். கோப்பையை எடுக்கிறார். பிறகு நிற்கிறார். கை நன்றாக இருக்கிறது, கண் பார்க்கிறது, தேயிலை எதிரே இருக்கிறது. அடுத்து என்ன என்பது மட்டும் வரவில்லை. தண்ணீர் கொதித்துத் தானாக அணைகிறது. அவர் பால் புட்டியை எடுத்து வெறும் கோப்பையில் ஊற்றுகிறார். பக்கத்தில் நிற்கும் சிகிச்சையாளர் வாய் திறப்பதில்லை. எந்தப் படியில் சங்கிலி அறுகிறது என்று குறித்துக்கொள்கிறார். மறுநாள் அலமாரிக் கதவில் ஐந்து வரிகள் எழுதிய அட்டை ஒட்டப்படும். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து, பல வாரங்களில், சில நேரம் பல மாதங்களில், அட்டை இல்லாமலே தேநீர் வரும். தேநீர் போட முடிந்தவர் தனியாக ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க முடியும். தனியாக இருக்க முடிந்தால் மனைவியோ தாயோ வேலைக்குப் போய் வர முடியும். ஒரு குடும்பத்தின் பிழைப்பே இந்தக் கோப்பையில் தொங்குகிறது.

தெருவில் எதிர்ப்படுகிறவருக்கு இவை எதுவும் தெரிவதில்லை. தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். தள்ளாடி நடந்தால் குடித்திருக்கிறார் என்பார்கள். சட்டென்று கோபம் வந்தால் திமிர் பிடித்தவர். காலையில் எழாவிட்டால் சோம்பேறி. மூளைக்காயத்தோடு வரும் களைப்பு தூங்கினால் தீராது. பலசரக்குக் கடையின் விளக்கும் இரைச்சலும் அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இன்னொன்று இதைவிடச் சிக்கலானது. தன்னிடம் மாற்றம் வந்திருப்பதைக் காயப்பட்ட மூளையால் பல நேரம் உணர முடிவதில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை, வீம்பும் இல்லை; உணரும் பகுதியே சேதப்பட்டிருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘சமைக்க முடியுமா’ என்ற கேள்விக்கு அவர் ‘முடியும்’ என்றே பதில் எழுதுவார். அதிகாரியும் அதை நம்பிக் கோப்பை மூடிவிடுவார். சிறைகளிலும் வீடற்றோர் தங்குமிடங்களிலும் மூளைக்காயமுற்றோர் விகிதம் பொதுமக்களிடம் உள்ளதைவிட மிக அதிகம் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. கண்டுகொள்ளப்படாத காயம் கடைசியில் வந்து சேரும் இடங்கள் அவை.

மூளைக்காய மறுவாழ்வு ஆளை நம்பிய வேலை. முதல் உலகப் போரில் கர்ட் கோல்ட்ஸ்டைன் ஜெர்மனியில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் அலெக்சாண்டர் லூரியா சோவியத் நாட்டில் வளர்த்த முறை அது: எந்தத் திறன் போனது என்று நுணுக்கமாகக் கண்டு, மிஞ்சிய திறனைக்கொண்டு சுற்றுவழி போடுவது. இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளர், நரம்பியல் உளவியலாளர், வீட்டுக்கு வரும் உதவியாளர் என்று ஒரு குழுவே சேர்ந்து உழைக்க வேண்டும். சில நேரம் மிக எளிய கருவியும் பெரிய பலன் தரும். கலிஃபோர்னியாவில் தலைக்காயமுற்ற மகனுடைய தந்தையான பொறியாளர் லாரி டிரெட்கோல்ட், உளவியலாளர் நீல் ஹெர்ஷோடு சேர்ந்து, இடுப்புப் பட்டையில் மாட்டும் பேஜரில் ‘மாத்திரை சாப்பிடு’, ‘மதிய உணவை எடுத்துக்கொள்’ என்று நேரத்துக்கு நேரம் செய்தி வரச் செய்தார். இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் 143 பேரிடம் அதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டனர். சோதனையை முடித்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேற்பட்டோர் அன்றாட வேலைகளைக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகச் செய்தார்கள். பேஜர் விலை குறைவு. ஆனால் யாருக்கு எந்த நேரத்தில் எந்த வாக்கியம் தேவை என்று அவரோடு உட்கார்ந்து கண்டறிய ஓர் ஆள் வேண்டும். இந்தத் துறையில் பணம் போகும் இடம் அந்த ஆளின் சம்பளம். நிதி நெருக்கடி வந்தால் கத்தி முதலில் விழும் இடமும் அதுவே.

அப்படி விழுந்ததை ஆண்டு வாரியாகப் பார்க்க அயர்லாந்து பொருத்தமான நாடு. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளில் பெரும்பங்கை அரசு நேரடியாக நடத்துவதில்லை. அரசுப் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. மூளைக்காயத்துக்கென ஹெட்வே அமைப்பு 1985இல் தொடங்கியது. சகோதரர் மூளைக்காயமுற்றபின் அவருக்குத் தகுந்த இடம் எங்குமே இல்லை என்று கண்ட பார்பரா ஓ’கானல் 2000இல் தொடங்கிய அறக்கட்டளைதான் பிறகு அக்கொயர்ட் பிரெய்ன் இஞ்சுரி அயர்லாந்து ஆனது. வீடுகளிலும் சிறு குடியிருப்புகளிலும் சென்று செய்யும் மறுவாழ்வுப் பணி இப்படிக் குடும்பங்களின் முயற்சியால் முளைத்து எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்போது வங்கிகள் சாய்ந்தன.

2008 செப்டம்பர் 29 இரவு தொடங்கிய கூட்டத்தின் முடிவில், நாட்டின் வங்கிகளுடைய கடன்களுக்கு அயர்லாந்து அரசு பொறுப்பேற்றது. வங்கிகளை மீட்க மட்டும் ஏறத்தாழ 6,400 கோடி யூரோ செலவானது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகிய மூன்றின் மேற்பார்வையில் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தை நாடு ஏற்றது. 2012இல் வேலையின்மை 15 சதவீதத்தை ஒட்டி நின்றது. வரி வருமானம் வற்றிய அரசுக்குச் செலவைக் குறைப்பதைத் தவிர வேறு வழி குறைவு என்பது உண்மை. யார் செலவை, எந்த வகையில் என்பதுதான் கேள்வி.

வெட்டுகள் இரண்டு வகையாக வந்தன. ஒன்று பட்ஜெட்டில் அச்சாகும் வெட்டு. மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாரம் 204.30 யூரோவாக இருந்தது. 2010இல் 196 ஆனது, 2011இல் 188 ஆனது. 2011 டிசம்பரில் இளம் வயதினருக்கு அந்தத் தொகையை இன்னும் குறைக்க முன்மொழிந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். எண் தெரிந்தால் எதிர்க்க முடியும் என்பதற்கு அது சான்று. இரண்டாவது வகைக்கு எண் கிடையாது. 2009 மார்ச்சில் பொதுத்துறையில் ஆள் எடுப்பதற்குத் தடை வந்தது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். எந்தச் சேவையும் மூடப்படவில்லை, பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் மட்டும் நீள்கிறது. மூளைக்காயத்தில் காத்திருப்பு வெறும் தாமதம் அல்ல. மீட்சி வேகமாக நடப்பது முதல் மாதங்களில்தான். அந்த மாதங்களில் கிடைக்காத பயிற்சியை இரண்டாம் ஆண்டில் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் கணக்கு நேராகாது.

2012 ஆகஸ்ட் 30 அன்று நாட்டின் பொதுச் சுகாதார நிர்வாகம் 13 கோடி யூரோ சேமிக்கும் பட்டியலை அறிவித்தது. அதில் 1 கோடி யூரோ, மாற்றுத்திறனாளிகளின் தனி உதவியாளர் நேரத்திலிருந்து எடுக்கப்பட இருந்தது. காலையில் படுக்கையிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, உடை மாற்றி, வேலைக்குக் கிளப்பிவிடும் ஆளின் நேரம் அது. செப்டம்பர் 4 அன்று, சுதந்திர வாழ்வு இயக்கத்தின் முன்னோடி மார்ட்டின் நாட்டனும் தோழர்களும் சக்கர நாற்காலிகளோடு டப்ளினில் அரசு தலைமை அலுவலக வாசலுக்கு வந்தார்கள். இரவு ஆனது, போகவில்லை. நடைபாதையிலேயே போர்வை போர்த்திக்கொண்டு தங்கினார்கள். தசைநோயோ தண்டுவடக் காயமோ உள்ளவருக்கு இரவு முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சாதாரண அசௌகரியம் அல்ல. அழுத்தப்புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. அதைத் தெரிந்தே உட்கார்ந்தார்கள். அந்த ஒரு கோடியை வேறு இடத்தில் தேடிக்கொள்வதாக அரசு பின்வாங்கியது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்த வெற்றியைக் கொண்டாடும்போதே அழ முடியாத பிள்ளையையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கடுமையான மூளைக்காயம் உள்ளவருக்குப் போராட்டத் தேதி நினைவில் நிற்பது கடினம். கூட்டமும் ஒலிபெருக்கியும் தாங்காது. தனக்கு உதவி தேவை என்ற உணர்வே சில நேரம் இருக்காது. சக்கர நாற்காலியைப் படம் பிடிக்கலாம், மறதியைப் படம் பிடிக்க முடியாது. எனவே அவருக்காக வாய் திறக்க வேண்டியவர்கள் குடும்பத்தாரே. அவர்களோ இரவும் பகலும் அவரோடு இருப்பவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்கு மூச்சு விட வழி செய்யும் ஓய்வுப் பராமரிப்பு மானியத்தை 2013ஆம் ஆண்டு பட்ஜெட் 1,700 யூரோவிலிருந்து 1,375 ஆகக் குறைத்தது. போராட வரக்கூடிய ஒரே ஆளின் ஓய்விலேயே கை வைத்த முடிவு அது. பழைய தொகை திரும்ப வர 2016 ஆனது.

நெருக்கடியின் நடுவே, 2011இல், நரம்பியல் மறுவாழ்வுக்கென ஒரு தேசியக் கொள்கையையும் அயர்லாந்து வெளியிட்டிருந்தது. மருத்துவமனையில் தொடங்கி வீடுவரை சிகிச்சை அறுபடாமல் செல்ல வேண்டும், வட்டாரந்தோறும் குழு வேண்டும் என்று அது சொன்னது. நல்ல ஆவணம். அதன் காலம் 2015இல் முடிந்துவிட, நடைமுறைப்படுத்தும் திட்டம் 2019இல்தான் வெளிவந்தது. மீட்புத் திட்டத்திலிருந்து நாடு 2013 டிசம்பரிலேயே வெளியேறிவிட்டது. பொருளாதாரம் நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. சேவைகள் அதே வேகத்தில் நிமிரவில்லை. தொண்டு நிறுவன ஊழியர்கள் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. ஆனால் அரசு மானியம் குறைந்ததால் அவர்கள் சம்பளமும் குறைந்தது. அரசு ஊழியருக்குச் சம்பளம் மீண்டபோது, ‘நீங்கள் அரசு ஊழியர் இல்லையே’ என்ற பதில் அவர்களுக்குக் கிடைத்தது. வேலைநிறுத்த எச்சரிக்கைகளுக்குப் பிறகு 2023 அக்டோபரில் ஓர் ஊதிய உடன்பாடு எட்டப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அனுபவசாலிகள் கூடுதல் சம்பளம் தரும் அரசுப் பணிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஞாபகம் தங்காத ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உதவியாளர் மாறினால், ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் புதிதாக ஓர் அந்நியர் வருகிறார் என்று பொருள்.

சிக்கன நடவடிக்கைக்கு எல்லை எது என்பதில் சர்வதேசச் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. 2012 மே மாதம், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழுவின் தலைவர் உறுப்பு நாடுகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மொரீஷியஸின் முன்னாள் தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை அவர்.  வெட்டு தற்காலிகமாக இருக்க வேண்டும். அவசியமானதாகவும் அளவோடும் இருக்க வேண்டும். நலிந்தோர்மேல் கூடுதல் சுமையாக விழக் கூடாது. அடிப்படை உரிமைகளின் குறைந்தபட்ச அளவைத் தொடக் கூடாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். பக்கத்து நாடான பிரிட்டன்மீது மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. குழு விசாரணை நடத்தி, 2010க்குப் பின் வந்த நலத்திட்ட வெட்டுகள் உரிமைகளைக் கடுமையாகவோ திட்டமிட்ட முறையிலோ மீறும் அளவை எட்டின என்று 2016 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டன் அரசு அதை ஏற்கவில்லை. அயர்லாந்து அந்தக் குழு கண்காணிக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்டும், 2018இல்தான் அதை உறுதிசெய்தது. நெருக்கடி ஆண்டுகள் முழுதும் அந்தக் கவசம் மாட்டப்படாமலே கிடந்தது.

சட்டம் காப்பாற்ற வேண்டுமென்றால், காப்பாற்றப்பட வேண்டியவர் முதலில் கணக்கில் வர வேண்டும். விழிப்புணர்வுப் பணி கோரிக்கைப் பணிக்கு முந்திய படியாக இருப்பது இதனால்தான். பிரிட்டனில் ஹெட்வே அமைப்பு 2017 முதல் மூளைக்காயமுற்றோருக்கு அடையாள அட்டை தருகிறது. வைத்திருப்பவரின் படமும், அவருக்கு உள்ள சிரமங்களும் அதில் இருக்கும்: பேச்சு குழறலாம், கேள்வி புரிய நேரம் ஆகலாம். ‘குடித்திருக்கிறாயா’ என்று அதட்டும் காவலர் அந்த அட்டையைப் பார்த்ததும் குரலைத் தணிக்கிறார். உதவித்தொகை பரிசோதிக்கும் அதிகாரி, விண்ணப்பதாரரின் ‘முடியும்’ என்ற சொல்லோடு நிற்காமல் கூட வாழ்பவரையும் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் விழிப்புணர்வே. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ‘இனி இவர் யார் பொறுப்பு’ என்ற பெயரை எழுதிக் கொடுப்பதும் விழிப்புணர்வே. எத்தனை பேர், எங்கே, எந்த நிலையில் என்ற பதிவேடு நாட்டில் இல்லாவிட்டால், அடுத்த மந்தநிலையில் வெட்டு எத்தனை பேர்மேல் விழுந்தது என்றுகூட எவராலும் சொல்ல முடியாது.

எண்ணாமல் விட்டதன் விளைவை 2021 மே மாதம் அயர்லாந்தின் குறைதீர் ஆணையர் பீட்டர் டிண்டல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் 1,300க்கும் மேல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூளைக்காயமுற்றவர்களும் இருந்தார்கள். வீட்டுக்கு வரும் உதவியாளர் நேரம் கிடைக்கவில்லை, தகுந்த குடியிருப்பு கிடைக்கவில்லை, மருத்துவமனைக்குப் படுக்கை வேண்டியிருந்தது. காலியாக இருந்த இடத்துக்கு அனுப்பினார்கள். தற்காலிகம் என்று போனவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்கள். அங்கே படுக்கைக்கு ஆகும் பணம் அரசிடமிருந்தே போகிறது. வேறு தலைப்பில் எழுதப்படுவதால் வெட்டிய கணக்கில் சேமிப்பாகத் தெரிகிறது. நாற்பது வயதுக்காரர் எண்பத்தைந்து வயதினரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கே இரவு உணவு முடிந்துவிடும். இல்லவாசிகள் சமையலறைக்குள் போகப் பொதுவாக அனுமதி இல்லை. தேநீர் போட்டே கையில் வந்துவிடுகிறது.